அக்கரையில் மாலைப் பாட்டு

நவம்பர் எங்கள் நகரத்துக்கு மலையிலிருந்து இறங்கி வரும். முதலில் உச்சியின் கற்சுவர்கள் மறையும். அடுத்து அவற்றின் இடையே மேயும் ஆடுகள் மறையும். பிறகு பழைய கம்பளி ஆலைகளின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகத் தலையிழந்து நிற்கும். வாடை ஓயாது. மழை பெய்கிறது என்றோ நின்றது என்றோ துணிந்து சொல்ல இயலாத ஓர் ஈரம், கூரைகளின் மேலும் மனிதர் தோள்களின் மேலும் ஒரே பொறுமையோடு படியும். பிற்பகல் முதிருமுன்னே விளக்கேற்ற வேண்டிவரும். பறவை அடங்கிய மரங்களின்கீழ் இலை மக்கி மண்ணாகும். உயிரோடிருப்போர் குரல் தாழ்த்திப் பேசும் மாதம் அது. இறந்தோர் சற்றே நெருங்கி வரும் மாதமும் அதுவே.

போருக்குப் பின் போலந்துக்குத் திரும்ப வழியின்றி இங்கிலாந்தின் இந்த யார்க்‌ஷயர் ஆலைகளில் வந்து ஒதுங்கிய படைவீரர்களின் மக்கள் நாங்கள். அம்மாதம் பிறந்ததும் வாளியும் நாருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பாசி போகக் கல் தேய்ப்போம். போலந்து விடுதலை நாளான நவம்பர் பதினொன்றை அடுத்த ஞாயிறன்று, பொழுது சாயும் வேளையில், வீரர் சங்கத்தார் இறந்த வீரர்களைப் பெயர் சொல்லி அழைப்பர். ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குடும்பத்தார் ஒருவர் முன்வந்து, “நிற்கிறார்” என்று விடை சொல்வார். கடைசிப் பெயரும் விடை பெற்றபின், தொப்பி கழற்றி எல்லாரும் மாலைப் பாட்டைப் பாடுவர். பகலில் செய்தவற்றையெல்லாம் இறைவன் கையில் ஒப்படைத்து இரவுக்குக் காவல் வேண்டும் பழம்பாட்டு அது. எந்த மண்ணில் பாளையம் இறங்கினாலும் அந்தியில் அதைப் பாடாமல் எங்கள் படை கண்ணயர்ந்ததில்லை என்பார்கள்.

போஜெனாவுக்கு அந்தப் பாட்டு அடி பிறழாமல் தெரியும். ஆனால் அவள் தந்தை அலோய்சி கவ்லிக் அதைப் பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அலோய்சி சாயப் பட்டறையில் வேலை செய்தவர். கைவிரல் இடுக்குகளில் எப்போதும் நீலமோ செம்பழுப்போ தங்கியிருக்கும். பெயரழைப்பு நாளன்று மனைவியையும் மகள்கள் இருவரையும் கல்லறைத் தோட்டத்து வாயில்வரை அழைத்துவந்து உள்ளே அனுப்பிவிட்டு, தாம் சுவருக்கு வெளியே, தொப்பியைக் கையில் ஏந்தி மழையில் நிற்பார். பாட்டு முடிந்த பிறகே தொப்பி தலைக்கு ஏறும். அவர் சங்கத்தில் சேரவில்லை. மார்பில் பதக்கம் எதுவும் குத்திக்கொண்டதில்லை. போரைப் பற்றி ஒரு சொல்லும் வீட்டில் சொன்னதில்லை. சனிக்கிழமைப் போலிஷ் பள்ளியில் பிள்ளைகள் தத்தம் தந்தையரின் பீரங்கிகளையும் மலைகளையும் பற்றிப் பெருமை பேசும்போது, ஒருவன் போஜெனாவிடம் கேட்டான்:

“உங்கப்பா படையில என்னடி பண்ணாரு? உருளைக்கிழங்கு உரிச்சாரா?”

அப்போது அவளுக்கு ஏழு வயது. அவன் கையைக் கடித்துவிட்டாள். அருகில் நின்ற தங்கை லுசினா அழுதாள்.

அலோய்சி இறந்து ஆண்டுகள் பல கழிந்தன. அவருடைய பெயரை எவரும் அழைக்கவில்லை. சென்ற ஆண்டு நவம்பரில், திருப்பலிக்குப்பின் பங்கு மண்டபத்தில், சங்கத் தலைவர் வித்தோல்ட் எழுந்து நின்று ஒரு செய்தி சொன்னார். படையில் இருந்தவர் எவரும் இப்போது உயிரோடில்லை. ஆகவே அடுத்த ஆண்டோடு சங்கத்தை மூடுகிறார்கள். அதற்குமுன் எல்லா வீரர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டி வீரர் கல்லறைகளின் நடுவே நாட்டுவார்கள். கடைசிப் பெயரழைப்பு அந்தக் கல்லைப் பார்த்தே நடக்கும். அந்தக் கல்லில் ஏறாத பெயர் இனி எங்கும் ஏறப்போவதில்லை என்பது போஜெனாவுக்கு உடனே விளங்கிற்று.

தேநீர்க் கோப்பையோடு அவள் நேரே அவர்முன் போய் நின்றாள். வித்தோல்ட் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்தவர். மேஜர் ஒருவரின் மகன். எண்பதிலும் மீசையை முறுக்கிவிடத் தவறாதவர்.

“பான் வித்தோல்ட்,” என்று போலிஷ் மரியாதை முறையில் விளித்தாள், “எங்கப்பா பேரையும் போடணும்.”

“போடலாமே, பானி போஜெனா. எந்தப் பிரிவு?”

“தெரியாது.”

“படை எண்?”

“தெரியாது.”

“எங்க சண்டை போட்டாருன்னாவது?”

“இத்தாலின்னு அம்மா ஒரு தடவை சொன்னா.”

“இத்தாலிக்கு என் மருமகளும்தான் போன கோடையில போய்ட்டு வந்தா. அவ பேரையும் வெட்டச் சொல்லிடட்டுமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். போஜெனாவின் முகம் சிவந்ததைக் கண்டு கிழவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“கோவிச்சுக்காத, பொண்ணே. ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போடு. அவர் படையில இருந்தாருன்னு தாள் வரட்டும், மறுநாளே கல்லுல பேரு. தாள் இல்லாம போட்டா நாளைக்கு என் வீட்டுப் பூனையும் வந்து கேக்கும்.”

அவள் எழுதினாள். லுசினாவின் வீட்டுச் சமையலறை மேசையில் இருவரும் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார்கள். லுசினா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள்; பேச்சில் கூர்மையும் கண்ணில் ஈரமும் உள்ளவள்.

“அப்பா வெளியே நின்னாருன்னா அவருக்கு ஏதோ காரணம் இருக்கும்க்கா. எதுக்குக் கிளறுற?”

“கிளறலடி. உள்ள கூப்பிடறேன். பிறந்த தேதி கேக்குது.”

“ஜூன் இருபத்தொண்ணு. மறந்துட்டியா? அன்னிக்குத்தானே அம்மா கசகசா ரொட்டி சுட்டுட்டு, நம்மளைத் தொடவிடாம அலமாரி உச்சியில தூக்கி வைப்பா.”

அதையே எழுதினார்கள். இறப்புச் சான்றிலும் அந்தத் தேதியே இருந்தது, கல்லறைக் கல்லிலும் அதுவே இருந்தது; இரண்டுக்கும் அதைச் சொன்னவர்கள் இவர்களே. மாதங்கள் சென்றன. கோடையில் சுருக்கமான மறுமொழி வந்தது: இந்தப் பெயரும் இந்தப் பிறந்த நாளும் உடைய எவரும் போலந்துப் படைகளின் பதிவில் இல்லை.

லுசினா அந்தத் தாளை வாங்கிப் படித்து, மடித்து வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “ஒருவேளை அவர் படையிலயே இல்லையோ?”

“அப்போ எதுக்கு மழையில நின்னாரு?”

அந்தக் கேள்வி போஜெனாவின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று. தந்தை பொய்யர் என்று எவரும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளாதவர், பொய் சொல்ல இடமேது? என்றாலும் ஞாயிறுதோறும் வித்தோல்டின் பார்வையில் ஓர் இரக்கம் தெரிந்தது. உருளைக்கிழங்குப் பேச்சைக் காட்டிலும் அந்த இரக்கம் அவளைச் சுட்டது.

முடிச்சை அவிழ்த்தவர் பங்குத்தந்தை போகுமில். பாடற்குழுப் பயிற்சி முடிந்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்த அவரிடம் போஜெனா மறுமொழித் தாளை நீட்டினாள். அவர் படித்தார், பின்பு, அந்த இடத்துக்குப் பொருந்தாத உரத்த சிரிப்பு ஒன்று சிரித்தார்.

“ஜூன் இருபத்தொண்ணா? அது புனித அலோய்சியார் திருநாள் மகளே! உங்கப்பாவோட பேர் நாள். பிறந்த நாள் இல்ல.”

“எங்க வீட்ல பிறந்த நாள்னு ஒண்ணை யாரும் கொண்டாடினதே இல்லையே, சாமி.”

“யார் வீட்லதான் கொண்டாடினாங்க? எங்கம்மா பிறந்த நாளே அவங்களை அடக்கம் பண்றதுக்கு முந்தின நாள்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவங்க பேர் நாளுக்கு நான் தவறாம பூ அனுப்பினவன்.” சிரிப்பு அடங்கி, அவர் திருமணப் பதிவை எடுத்துவந்தார். அலோய்சி இந்தக் கோயிலில் மணந்தவர். திருமுழுக்கு விவரத்தோடு பிறந்த நாளும் அங்கே இருந்தது. பிப்ரவரி மாதம், பனிக்காலத்துப் பிள்ளை.

தன் தந்தைக்கு ஒரு பிறந்த நாள் இருந்தது என்பதை, அவருக்குக் கல் நாட்டிப் பாசியும் படிந்தபின் அறிந்தவளாக, போஜெனா வீடு திரும்பினாள். மறுநாளே திருத்தி எழுதினாள்.

செப்டம்பர் கடைசியில் தடித்த உறை வந்தது. லுசினா கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடிவந்தாள். முதல் தாளில் ஓர் இளைஞனின் நிழற்படம். ஒட்ட வெட்டிய முடி, உறக்கமற்ற கண்கள். அதன்கீழ், ‘இதற்கு முன் பணியாற்றிய படை’ என்ற இடத்தில், ஜெர்மானியப் படை என்று இருந்தது.

லுசினா தாளைத் தள்ளிவிட்டாள். “தப்பா அனுப்பிட்டாங்க. இது நம்ம அப்பா இல்ல.”

“காதைப் பாருடி.”

“காதுல என்ன?”

“கண்ணாடியில பாரு. உன் தலையில ஒட்டிக்கிட்டிருக்கு.”

லுசினா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்பா பிறந்த எல்லைப்புறமான சிலேசியாவில் ஜெர்மானியர் போலந்து இளைஞர்களைப் பிடித்துத் தம் படையில் சேர்த்ததும், ஒளிந்து தப்பினால் வீட்டாரை முகாமுக்கு இழுத்துச் சென்றதும் சகோதரியர் இருவரும் கேள்விப்பட்டவையே. ஆனால் அவை வேறு யாருடைய வீட்டுக் கதையோ என்று இருந்துவிட்டார்கள்.

இரண்டாம் தாள், நேசநாடுகளோடு இத்தாலியில் போரிட்ட எங்கள் போலந்துப் படையில் சேர வந்தவரிடம் எழுத்தர் கேட்டு எழுதிய வாக்குமூலம். போஜெனாவின் போலிஷ் அடுக்களையிலும் கோயிலிலும் கற்றது. விரலை வரியின்கீழ் வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள்.

‘நானும் என் தம்பி எவால்டும் ஒரே பிரிவில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டோம். கோடையில் இத்தாலியின் கிழக்குக் கடலோரம் ஓர் ஆற்றங்கரையில் எங்களை நிறுத்தினார்கள். எதிர்க்கரையில் இருப்பவர் யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் அந்தியில் அக்கரையிலிருந்து மாலைப் பாட்டு எழுந்தது. எங்கள் வீட்டில் அம்மா பாடும் பாட்டு. தம்பி என் கையைப் பற்றி, அம்மா கூப்பிடுகிறாள் என்றான். அடுத்த அமாவாசை இருட்டில் ஆற்றைக் கடப்பது என்று தீர்மானித்தோம். நாங்கள் ஜெர்மானியப் படைச் சட்டையில் இருந்ததால், பாட்டைப் பாடிக்கொண்டே போனால் நம்மவர் என்று அறிவார்கள் என நான் தம்பியிடம் சொன்னேன். அவன் குரல் நல்ல குரல். ஆகவே அவன் பாடினான். நீர் இடுப்பளவு இருந்தது. நடு ஆற்றில் அவன் சுடப்பட்டான். எக்கரையிலிருந்து சுட்டார்கள் என்று அறியேன். அவனைப் பிடித்தேன், நீர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. நான் கரையேறினேன். போலந்துப் படையில் பணியாற்ற விரும்புகிறேன்.’

அதன்கீழ் கையொப்பம். மகள்களின் பள்ளி அறிக்கைகளில் அவர் இட்ட அதே ஒப்பம்.

எஞ்சிய தாள்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பயிற்சி முகாம், படைப்பிரிவு, இத்தாலியின் பொலோனியா நகரத்தை மீட்ட சண்டை, கப்பல், இங்கிலாந்து. இருவரும் அவற்றை உடனே படிக்கவில்லை.

“நமக்கு ஒரு சித்தப்பா இருந்தாரா?” என்றாள் லுசினா.

“இருந்தாரு.”

“பாடுவாரு.”

“ஆமா.”

பெயரழைப்பின் முடிவில் எந்தப் பாட்டு எழும் என்பதை அலோய்சி அறிவார். அதைக் கேளாதிருக்கவும் அவருக்கு மனமில்லை. அதன் நடுவே நிற்கவும் நெஞ்சுரம் இல்லை. கேட்கும் தொலைவில், சுவருக்கு இப்பால் நின்றிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது அவருக்காகத் தான் நாணியதையும் அவர் கண்டிருப்பாரே என்று எண்ணிய போஜெனா, நிழற்படத்தை எடுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வித்தோல்டின் வீட்டுக்கு உறையோடு போனாள். முன்னறைச் சுவரில் மேஜரின் படம் மாட்டியிருந்தது. கிழவர் தம் பழைய கடையின் பூதக்கண்ணாடியை எடுத்து, சாளர ஒளியில் எல்லாத் தாளையும் படித்தார். இரண்டாம் தாளை மீண்டும் படித்தார். பிறகு கண்ணாடியை மடிமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்க்காமல் சொன்னார்:

“எங்கப்பா அந்த ஆத்தங்கரையிலதான் இருந்தாரு.”

“ம்.”

“சுடச் சொல்ற இடத்துல இருந்தாரு, போஜெனா.”

“எந்தக் கரைன்னு அறியேன்னு அப்பா எழுதியிருக்காரு. நானும் அதைக் கேக்க வரல, பான் வித்தோல்ட்.”

கிழவர் எழுந்து தேநீர் ஊற்றினார். திரும்பி வந்து அமர்ந்தபோது அவர் சங்கத் தலைவராகிவிட்டிருந்தார்.

“அலோய்சி கவ்லிக் பேரு கல்லுல வரும். பொலோனியா வரைக்கும் நடந்த மனுஷன். போன வருஷம் மண்டபத்துல எல்லார் முன்னாடியும் உன்னைக் கிண்டல் பண்ணேன், அதை எல்லார் முன்னாடியும் திருப்பி எடுத்துக்கறேன். இந்த முதல் ரெண்டு தாளை நான் யாருக்கும் காட்டப்போறதில்ல. ஊர் வாய் உனக்குத் தெரியும். சிலேசியாக்காரன்னாலே பாதி ஜெர்மன்காரன்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க.”

“அந்த ரெண்டு தாள்லதான் எங்க சித்தப்பா இருக்காரு.”

“அவர் நம்ம சட்டையைப் போடலையே, பொண்ணே.”

“போட்டுக்கத்தானே வந்தாரு.”

வித்தோல்ட் மீசையைத் தடவினார். “உன் பேச்சுக்கு என்கிட்ட மறுபேச்சு இல்ல. ஆனா கல்லு என்னோடது இல்ல, சங்கத்தோடது. சட்டை போட்டவங்க பேருன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். வந்து சேராம வழியில போனவங்க எத்தனை ஆயிரம்! சைபீரியாவுல, கப்பல்ல, எல்லையில... அவங்களுக்கெல்லாம் கல்லுக்கு எங்க போறது? ஒருத்தருக்குத் திறந்தா கதவைச் சாத்த முடியாது.”

“சரி.”

“என்ன சரி?”

“அப்பா பேரும் வேணாம்.”

கிழவர் நிமிர்ந்தார். “ஒரு வருஷமா என் உயிரை எடுத்தியேம்மா! ரொட்டி வாங்கப் போனா அங்க வந்து நின்னே. பல் பிடுங்கிட்டு வாயில பஞ்சோட வந்தப்போ பஸ் நிறுத்தத்துல வந்து நின்னே!”

“நின்னேன்.”

“இப்போ குடுத்தா வேணாங்கறியே?”

“அவரைத் தனியா உள்ள கூட்டிட்டு வர எனக்கு மனசு வரல, பான் வித்தோல்ட். ஆத்துல ஒரு தடவை அப்படிக் கரையேறினாரு. அது போதும் அவருக்கு.”

வித்தோல்ட் தாள்களை உறையிலிட்டு அவளிடம் நீட்டினார். கல்தச்சனுக்குப் பெயர் கொடுக்கும் கெடு மாதக் கடைசியில் முடிகிறது என்பதை மட்டும் வாயிலில் நினைவூட்டினார். அவளுடைய மேலங்கியை எடுத்து அவர் பிடித்துக்கொண்டபோது, அவள் அதில் கைநுழைத்து மாட்டிக்கொண்டாள்.

லுசினாவுக்கு இது தெரிந்தது அவளுடைய கடையில். முடியுலர்த்தியின்கீழ் ஒரு பெண்மணி வார இதழைப் புரட்டுவதுபோல் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். லுசினா சீப்பைக் கீழே வைத்தாள்.

“வேணாம்னு சொல்லிட்டு வந்தியா? யாரைக் கேட்டு?”

“லுசினா...”

“எனக்கும் அவர் அப்பாதான்க்கா. கிளறாதேன்னு நான் சொன்னேன். நீ கேக்கல. கிளறின. வந்துச்சு. அழுதோம். இப்போ கல்லுல பேரு வர்ற நேரத்துல நீயே போய் மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கே!”

“அப்பா சேரணும்னா அன்னிக்கே சேர்ந்திருப்பாரு. அவருக்கு உரிமை இருந்துச்சு. அத்தனை வருஷமும் வெளியே நின்னே பதில் சொல்லிட்டாரு.”

“அது பதில் இல்லக்கா. அது வலி.”

தங்கையின் கன்னங்களில் நீர் வழிந்தது. துடைக்கக் கையில்லாதவள்போல், முடிச்சாயம் படிந்த கையுறைகளை விரித்துக்கொண்டே நின்றாள்.

“நீ அன்னிக்குக் கடிச்சே. எனக்குக் கடிக்கத் தெரியல, நான் அழுதேன். எல்லார் வீட்டுப் பொண்ணுங்களும் முன்னாடி போய் சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவை, நிற்கிறார்னு நான் சொல்லியிருப்பேன். ஒரே தடவை.”

இதை போஜெனா எண்ணிப் பார்த்திருக்கவில்லை. தந்தையின் துயரைத் தாள்களில் தேடியவள், பக்கத்து நாற்காலியில் இருந்ததைக் காணாது போயிருந்தாள். திரும்பிப் போய்ப் பெயரைக் கொடுத்துவிடலாமா என்று அன்று முழுதும், அடுத்த நாளும் அலைபாய்ந்தாள். கொடுத்தால் தங்கைக்கு ஒரு சொல் கிடைக்கும். ஆனால் கல் காலம் உள்ளவரை அங்கே நிற்கும். அதைப் பார்ப்பவர் எவரும் அலோய்சிக்கு ஒரு தம்பி இருந்தான் என்று அறியமாட்டார். சாளரத்தருகே நின்று, தன் தந்தை ஆற்றில் வெறுங்கையோடு நின்ற நிலையை அவள் மனத்தில் கண்டாள். மாதக் கடைசி வந்தது, கடந்தது. அவள் போகவில்லை.

கடைசிப் பெயரழைப்புக்குச் சில நாள் முன்பு, நவம்பர் இரண்டாம் தேதி, இறந்த விசுவாசிகளின் நாளன்று, மாலைத் திருப்பலிக்குமுன், நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டு இறந்தோர் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பீடத்தருகே உள்ள கூடையில் இட்டோம். நவம்பர் முழுதும் பங்குத்தந்தை அவற்றைப் படிப்பார். பட்டம் இல்லை, பதவி இல்லை, எந்தப் படை, எந்தக் கரை என்ற கேள்வியும் இல்லை. திருமுழுக்கில் இட்ட பெயர் ஒன்றே போதும். போஜெனா ஆண்டுதோறும் தந்தை பெயரையும் தாய் பெயரையும் எழுதுவாள். இம்முறை அவற்றுக்கு மேலே இன்னொரு பெயரை எழுதினாள். எழுதும்போது, அந்தப் பெயரை எந்த மொழியிலாவது, எவராவது கடைசியாக எழுதியது எப்போது என்று நினைத்தாள்.

லுசினா வந்திருந்தாள். வழக்கமான இடத்தில் அக்காளருகே உட்காரவில்லை. எதிர்ப்பக்கம், தூணருகே அமர்ந்து நேர்நோக்கியிருந்தாள். பங்குத்தந்தை போகுமில் படித்துக்கொண்டே வந்தார். அவர் குரல் மழையின் சீரான ஒலிபோல் இருந்தது. இடையில், “கவ்லிக் குடும்பத்தில்: எவால்ட், அலோய்சி, ஸ்தெஃபானியா” என்றார்; பின் அடுத்த குடும்பத்துக்குப் போனார். அவ்வளவே. கூட்டம் முழுதும் அருள்நிறை மரியே என்று தொடங்கி வேண்டிற்று. தூணின் பக்கமிருந்து லுசினாவின் குரலும் எழுந்தது. நடுவில் சற்றே தடுமாறி, மற்றவரோடு சேர்ந்துகொண்டது. முடிந்ததும் அவள் அக்காளைப் பார்க்காமலே வெளியேறினாள். அவளுக்குக் காலம் வேண்டும்; அது எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

போஜெனா கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். தோட்டமெங்கும் செந்நிறக் கண்ணாடிக் கூடுகளில் சுடர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பெற்றோர் கல்லறையில் விளக்கேற்றிச் சிலுவை அடையாளம் இட்டாள். கைப்பையில் இன்னொரு விளக்கு எஞ்சியிருந்தது. அதை வைக்க அவளுக்கு ஒரு குழியும் கல்லும் இல்லை. சரிவின் அடியில், முட்புதர்களுக்கு அப்பால், மலையிலிருந்து வரும் ஓடை அன்றைய மழையால் பெருகிச் சென்றுகொண்டிருந்தது. அவள் புதரை விலக்கி இறங்கினாள். கரையோரம் தட்டையான ஒரு கல்லைக் கையால் துடைத்து, விளக்கை அதன்மேல் வைத்து, வாடைக்கு மறைவாகத் தன் உடலைச் சாய்த்து ஏற்றினாள். ஈரமண்ணில் முழந்தாளிட்டாள். அறிமுகமற்ற ஒருவரைப் பார்த்துப் பேசும் நாணத்தோடு, “சித்தப்பா” என்று ஒரு முறை அழைத்தாள். பிறகு கைகுவித்து, நீரைப் பார்த்தபடி வாய்க்குள் செபித்தாள். சுடர் சாய்ந்து, நிமிர்ந்து, நின்று எரிந்தது.

கரை சேர்ந்தோர்க்கும் நீரோடு சென்றோர்க்கும் இறைவன் தன் இல்லத்தில் ஒரே வாயில் திறப்பானாக. கல்லில் உள்ள பெயரையும் கல்லில் இல்லாத பெயரையும் அவன் தன் உள்ளங்கையில் ஏந்துவானாக. துயருற்று விலகி இருப்போரை அவன் காலம் பார்த்துக் கூட்டுவானாக. எல்லா ஆன்மாக்களும் அவன் அமைதியில் இளைப்பாறுக.